மெகாபிக்சல் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் நாளிதழில் புதிய கைபேசிகளை அறிமுகப்படுத்தும் பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கேமரா என்று வந்தாலே அதில் மெகாபிக்சல் கணக்கும் லென்ஸ்களின் எண்ணிக்கையுமே பேசப்படுகின்றன. ஈரக் கையிலும் உச்சி வெயிலிலும் அந்தக் கேமரா சொன்னபடி கேட்குமா என்பது பற்றி ஒரு வரிகூட வருவதில்லை.

2006ஆம் ஆண்டு வெளிவந்த நோக்கியா என்73 வெறும் 3.2 மெகாபிக்சல்தான். ஆனால் முதுகுப்பக்க மூடியைத் தள்ளியதுமே கேமரா திறந்துகொள்ளும். பக்கவாட்டிலுள்ள தனிப் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் சரியாகும், முழுதும் அழுத்தினால் படம் பதிவாகும். அதே ஆண்டின் சோனி எரிக்சன் கே800ஐ-யிலும் இந்த ஏற்பாடு இருந்தது. இருட்டுக்குப் பளீரென ஒளிவீசும் ஜெனான் ஃபிளாஷ் வேறு. அடுத்த ஆண்டு கடைக்கு வந்த நோக்கியா என்95, 5 மெகாபிக்சல் கேமராவுடன், ஒருபுறம் தள்ளினால் எண்களும் மறுபுறம் தள்ளினால் பாட்டுக்கான பொத்தான்களும் வெளிப்படும்படி அமைந்திருந்தது. அவற்றில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன்; என்95-இன் 950 எம்ஏஎச் பேட்டரி அத்தனை வசதிகளுக்கும் ஈடுகொடுக்கவில்லை. அதன் 8 ஜிபி பதிப்பிலோ லென்ஸ் மூடியையே எடுத்துவிட்டார்கள்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைப் படம்பிடித்து வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெண்கள் படும் பாட்டைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். இன்றைய தொடுதிரை, விரல் பட்டதும் ஏற்படும் மின்மாற்றத்தை உணர்ந்து இயங்குவது; உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், திரையில் தெறித்த துளியையும் அது விரலென்றே எடுத்துக்கொள்கிறது. வெயிலில் திரையே மங்கித் தெரிகையில், அதில் படமெடுப்பதற்கான வட்டத்தைத் தேடித் தொடுவது அதைவிடச் சிரமம். ஒலியளவுப் பொத்தானால் படமெடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான கைபேசிகளில் அதைப் பாதி அழுத்தி ஃபோகஸ் செய்ய வழியில்லை, பலருக்கு அப்படியொரு வசதி இருப்பதே தெரியாது. மூடியில்லாத லென்ஸின் மீது விரல் எண்ணெயும் கடற்காற்றின் உப்பும் படிகின்றன. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இரவில் எடுக்கும் படங்களில் விளக்குகள் வால் முளைத்தாற்போல் நீள்வதற்குப் பெரும்பாலும் இந்த அழுக்கே காரணம்.

தண்ணீர் புகாத கைபேசியில் கூடுதல் பொத்தான் வைப்பது கடினம் என்ற சமாதானத்தை ஏற்பதற்கில்லை. அதே கைபேசிகளில் ஒலியளவுக்கும், கைபேசியை இயக்கி அணைப்பதற்கும் பொத்தான்கள் இருக்கத்தானே செய்கின்றன! 2024இல் ஐஃபோன் 16 வரிசையில் கேமராவுக்கென்றே ஒரு பொத்தானை வைத்து, அதைப் புதுமையாகவும் விளம்பரப்படுத்தினார்கள். பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க் கைபேசி வாங்குவோருக்கு மட்டும் அது ஏன் எட்டவில்லை?

ஆகவே, இனி வரும் அறிமுகக் கட்டுரைகளை எழுதுவோர், கைபேசியை வெயிலில் பிடித்தும், ஈர விரலால் இயக்கியும், ஒற்றைக் கையால் படமெடுத்தும் பார்த்து, கண்டதை மெகாபிக்சல் கணக்கோடு சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.