அண்ணாவியின் குரலுக்கு ஒரு மைக்

புளியரை,
ஆனி 12.

அன்புள்ள இசக்கி,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. உடனே பதில் போட முடியவில்லை. சாரல் பிடித்துவிட்டது. கோட்டவாசல் பக்கம் மலை இருக்கிற இடமே தெரியாமல் மூடிக் கிடக்கிறது. கார் நடவுக்கு ஆள் கிடைக்காமல் இரண்டு நாள் நானே வயலில் இறங்கினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைவிடப் பரவாயில்லை. சின்னவள் கீபோர்டில் இரண்டு கையும் சேர்த்து வாசிக்கப் பழகிவிட்டாள். மதினி தையல் மெஷின் வாங்கியதாக எழுதியிருந்தாய், சந்தோஷம்.

ஆனால் எல்லாவற்றையும்விட, நீ மறுபடியும் வில்லுப்பாட்டுக்கு வில் எடுத்திருக்கிறாய் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வருஷம் ஆகிறதா? கேரளப் பக்கம் புனலூரில் அதை வில்லடிச்சான் பாட்டு என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, வில் ஒன்றுதானே. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. ஆவணிக் கோயில் கொடைக்கு மூன்று ஊரில் வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று என்கிறாய். தலைமைப் பாட்டுக்காரரான நம் அண்ணாவி மாமா அதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் வீட்டில் பதியவும் வேண்டும், கொடையிலும் உதவ வேண்டும், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். முடியும். தாராளமாக முடியும். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் உனக்கு அந்த கேசட்டை நினைவுபடுத்த வேண்டும்.

1994 கொடை. உங்க பெரியப்பாவின் டூ-இன்-ஒன்னைச் சாக்குப் பையில் சுற்றிக் கொண்டுபோய், வில்லுக்கு முன்னால் செங்கல் மேல் வைத்து நாம் இரண்டு பேரும் பதிந்தோமே, மாமா பாடிய சுடலைமாடன் கதை. மறுநாள் போட்டுக் கேட்டபோது ஒவ்வொரு குடத்தடிக்கும் மாமாவின் குரல் கிணற்றுக்குள் போய்ப் போய் வந்தது. கேசட் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனோம். தப்பு கேசட்டில் இல்லை. அந்த மாதிரி டேப் ரெக்கார்டருக்குள் ஒலி அளவைத் தானே சரிபண்ணிக்கொள்கிற ஒரு சர்க்யூட் இருக்கும். பெரிய சத்தம் வந்தால் உடனே எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும், சத்தம் ஓய்ந்ததும் மெல்ல ஏற்றும். பேச்சைப் பதிவதற்கு அது நல்லது. வில்லுப்பாட்டுக்கு எமன். குடம் ஒரு அடி விழுந்தால் குரலும் கூடவே அமுங்கிவிடும். இன்றைக்கு நம் கையிலிருக்கிற போன்களில் பெரும்பாலானவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நீ அனுப்பிய ஒத்திகைப் பதிவிலும் அந்தக் கிணறு கேட்டது.

அதனால் நீ முதலில் வாங்க வேண்டியது மைக் அல்ல. அளவைக் கையால் திருகி வைக்கிற ஒரு பெட்டி, ஆடியோ இன்டர்பேஸ் என்பார்கள். மைக்கை ஒரு பக்கம் செருகி, மறுபக்கம் யு.எஸ்.பி.யில் லேப்டாப்போடு சேர்ப்பது. நான் வைத்திருப்பது பெரிங்கர் யு.எம்.சி. 202 எச்.டி. ஒன்பதாயிரத்தை ஒட்டி வாங்கினேன். ஒரே நேரத்தில் இரண்டு மைக் போடலாம், அதுதான் நமக்கு முக்கியம். போகஸ்ரைட் ஸ்கார்லெட்டில் சோலோ என்பதும் நல்ல பெட்டிதான். ஆனால் அதில் மைக் செருக ஒரு இடம்தான் உண்டு. பாடகர் ஒருவர் கிட்டார் வைத்துக்கொண்டு பாடுவதற்கு ஏற்றது. உனக்குப் போதாது.

அதில் அளவு வைப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பலரும் இதில்தான் கெடுக்கிறார்கள். குடக்காரரை முழு வேகத்தில் அடிக்கச் சொல். மாமாவை உச்சக் குரலில் ஒரு விருத்தம் பாடச் சொல். அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக்கூடாது. பார்க்கச் சின்னதாகத்தான் தெரியும், பயப்படாதே. கேசட்டில் அளவு குறைந்தால் இரைச்சல் மேலே வரும், அதனால்தான் முள்ளைச் சிவப்பு வரை ஏற்றிப் பழகினோம். கம்ப்யூட்டரில் 24 பிட் என்ற நுணுக்க அளவில் பதிந்தால் அந்தக் கவலை இல்லை. 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் என்றால், 24 பிட்டில் கணக்குப்படி 144. கீழே நிறைய இடம் கிடக்கிறது, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். மேலே முட்டிக் கிழிந்த ஒலியைத்தான் யாராலும் தைக்க முடியாது. நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்ணை 48 கிலோ ஹெர்ட்ஸில் வைத்தால் ஒரு மைக்குக்கு மணிக்கு அரை ஜி.பி. ஆகும். இரவு முழுக்கப் பதிந்தாலும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்காதே. ஆடாசிட்டி இலவசம், 2000லிருந்து இருக்கிறது, உனக்கு அது போதும். பிறகு வேண்டுமானால் ரீப்பர் பார்க்கலாம்.

இப்போது மைக். நான் முதலில் ஏமாந்த கதையைச் சொல்கிறேன், நீ அந்தப் பக்கம் போகக்கூடாது. ஸ்டுடியோ கிட் என்று ஆன்லைனில் ஒரு பெட்டி வந்தது. கண்டென்சர் மைக், கை மாதிரி நீட்டுகிற ஸ்டாண்டு, பஞ்சு உறை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். படத்தில் பார்க்கப் பம்பாய் ஸ்டுடியோ போல இருந்தது. பதிந்து கேட்டால் சின்னவள் குரலைவிடப் பக்கத்து வீட்டுக் கிரைண்டர்தான் தெளிவாகக் கேட்டது. தகரத்தில் சாரல் விழுவது, மாட்டுத் தொழுவத்து மணி, கூடவே மைக்கே போடுகிற ஒரு ஸ்ஸ் என்ற இரைச்சல். கண்டென்சர் மைக் நுட்பமானது. அமைதியான அறை இருக்கிறவனுக்கு அது வரம், நமக்கு அந்த அறை எங்கே? ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் பதிகிற ஆளுக்கு டைனமிக் மைக்தான் சரி. கிட்டே வைத்துப் பாடுகிற குரலை வாங்கிக்கொண்டு தூரத்துச் சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். இந்தச் சாரல் காற்றின் ஈரத்துக்கும் அதுவே தாங்கும். மேடையிலும் அதையே தூக்கிக்கொண்டு போகலாம். ஒரே காசில் உன் இரண்டு தேவையும் தீர்வது இந்த இடத்தில்தான்.

ஷூர் எஸ்.எம். 58 என்று எல்லாரும் சொல்வார்கள். 1966லிருந்து அதே மைக், கீழே விழுந்தாலும் பாடும். நம் ஊரில் பத்தாயிரத்தை ஒட்டி விலை. உன் கணக்குக்கு அது ஒன்று வாங்குவதைவிட பெரிங்கர் எக்ஸ்.எம். 8500 இரண்டு வாங்கு. ஒன்றின் விலை ஏறக்குறைய அதில் கால் பங்குதான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து மாமா மாதிரிக் கனத்த குரலைப் பதிந்து பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது ஏழாயிரத்துக்கான வித்தியாசம் இல்லை. பழைய அகூஜா மைக் வீட்டில் இருந்தால் அதையும் தூக்கிப் போடாதே, எதிரே உட்கார்ந்து கதைக்கு ‘ஆமா’ போடுகிறவருக்கு ஆகும்.

வயர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று பின் உள்ள எக்ஸ்.எல்.ஆர். வயர்தான் வேண்டும். அதில் ஒரே ஒலி இரண்டு கம்பியில் எதிரெதிராகப் போகும். வழியில் சேருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் கடைசியில் ஒன்றையொன்று அடித்துவிடும். கொடையில் சீரியல் லைட்டு வயர்களுக்கு நடுவே பதினைந்து மீட்டர் இழுத்தாலும் சுத்தமாக வரும். நல்ல வயரும் அதன் முனைக்கான கனெக்டரும் தனித்தனியாக வாங்கி வை, நானே பற்றவைத்துத் தருகிறேன். ஒன்றாம் பின்னுக்கு வயரின் வெளி வலை, இரண்டு, மூன்றுக்கு உள் கம்பிகள். அப்புறம் காதை மூடுகிற ஹெட்போன் ஒன்று, தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கான குட்டை ஸ்டாண்டு இரண்டு. கூட்டிப் பார், கையில் இரண்டாயிரமாவது மிஞ்சும்.

ஸ்பீக்கர் வாங்கவே வாங்காதே. கொடைக்கு ரேடியோ செட்காரர் வருவார், அவரிடம் ஸ்பீக்கர் பெட்டியும் ஆம்ப்ளிபயரும் இருக்கும். நீ உன் மைக்கையும் வயரையும் கொண்டுபோய் அவர் மிக்சரில் செருகு, அது போதும். அவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஸ்பீக்கர் பெட்டிகள் மைக்குகளுக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து இருக்கட்டும். உனக்குக் கேட்க ஒரு பெட்டி வைத்தால் அது மைக்கின் முதுகுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும், இந்த வகை மைக்குக்கு முதுகில் காது கிடையாது. மைக் கத்தினால் மைக்கின் தலையைக் கையால் பொத்துகிறார்களே, அது கூடவே கூடாது. பொத்தினால் அதன் பின்பக்கத் துவாரம் அடைபட்டு நாலா பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், இன்னும் அதிகமாகக் கத்தும். ஆளுக்கொரு மைக் என்று ஆறு மைக்கைத் திறந்து வைப்பதும் வேண்டாம். திறந்திருக்கிற மைக் இரண்டு மடங்கானால், கத்தாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். மூன்று மைக்கைக் கிட்டே வைத்துப் பாடினால் ஆறு மைக்கைவிட நன்றாகக் கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடுகிறது. காசு செலவில்லாமல் கிடைக்கிற சத்தம் அது.

இன்னொன்று, இதை நீ எனக்குச் சத்தியம் பண்ணித் தர வேண்டும். கரண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் மைக்கில் வாய் வைக்காதே. ஈரத் தரை, ஜெனரேட்டர், அவசரத்துக்கு முறுக்கிக் கட்டிய வயர், இதுதான் நம் கொடை மேடை. போன வருஷம் ஒரு கானமேளாவில் என் உதட்டில் சுரீர் என்று அடித்தது. இரண்டு கையும் நடுங்கிக் கீபோர்டில் வைக்க முடியவில்லை. எங்கோ ஒரு பிளக்கில் எர்த் பின்னை வெட்டி எடுத்திருந்தார்கள், உர்ர் என்று ஹம் வருகிறது என்பதற்காக. ஹம் வந்தால் வயரை மாற்று, லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பேட்டரியில் ஓட்டு, எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடு. எர்த்தை மட்டும் யாரும் வெட்ட விடாதே. பாடுவதற்கு முன் ஒரு டெஸ்டரை மைக்கின் வலையில் வைத்துப் பார். விளக்கு எரிந்தால், கமிட்டிக்காரர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நீ உட்கார வேண்டாம்.

இனி வீடு. மாமாவைப் பதிவது பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருந்தாய், ஆனால் கடிதம் முழுக்க அதற்காகத்தான் எழுதினாய் என்று எனக்குத் தெரியும்.

புதிதாகக் கட்டிய காங்கிரீட் அறையில் வேண்டாம். நாலு சுவரும் மொட்டையாக இருப்பதால் குரல் திரும்பத் திரும்ப மோதும். முட்டை அட்டை ஒட்டினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அது பெரிதாக ஒன்றையும் உறிஞ்சாது. மாமா படுக்கிற அறையே நல்லது. கட்டில், துணி நிறைந்த அலமாரி எல்லாம் இருக்கும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிமிர்த்தி அவர் முதுகுக்குப் பின்னால் சாய்த்து வை, மைக் பார்க்கிற திசை அதுதான். தரையில் ஜமக்காளம் விரி. மின்விசிறியை நிறுத்து. மழை விட்ட ராத்திரியாகப் பார்த்து, கடைசி ரயிலும் போன பிறகு ஆரம்பி.

மாமா வாயிலிருந்து அரை அடியில் ஒரு மைக், கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் ‘ப’கரம் வருகிற இடமெல்லாம் காற்று முட்டும். இன்னொரு மைக் குடத்துக்கு. குடத்தின் வாய்க்கு நேராக வைக்காதே, ஒரு அடி தள்ளி, வில்மணியும் சேர்ந்து கேட்கிற கோணத்தில் வை. இரண்டு மைக்குக்கும் நடுவே ஒன்றரை அடியாவது இருக்கட்டும். முதல் மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரமோ அதைப்போல மூன்று மடங்கு என்பது கணக்கு, அதற்குள் நெருங்கினால் குரல் இரண்டு மைக்கிலும் விழுந்து தகர டப்பாவில் பாடினது போல ஆகும்.

டவுனில் இருக்கிற ஸ்டுடியோக்காரர்கள் குரலைத் தனியாக, தாளத்தைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கலாம் என்பார்கள். மற்ற பாட்டுக்குச் சரி. வில்லுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து ‘ஆமா’ போடாமல் மாமாவுக்குக் கதை ஓடுமா? அந்த ‘ஆமா’ ஒரு நொடி முந்தினால் அவர் வேகம் பிடிப்பார், பிந்தினால் நிறுத்தி விளக்கம் சொல்வார். ஹெட்போனை மாட்டிவிட்டுத் தனியாகப் பாடச் சொன்னால் வரிகள் வரும், கதை வராது. அதனால் எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். குடம் கொஞ்சம் அவர் மைக்கிலும் கேட்கட்டும், பரவாயில்லை. நடுவில் இருமினால் நிறுத்தாதே. தண்ணீர் குடிக்கும்போது பழைய கொடை ஒன்றைப் பற்றிப் பேசுவார், அதையும் ஓட விடு.

மாமாவுக்கு எழுபத்தாறு. ஏட்டில் இல்லாத வரிகள் எத்தனை அவர் தலைக்குள் இருக்கின்றன என்று உனக்குத்தான் தெரியும். பணம் முழுதாகச் சேரட்டும், கொடை முடியட்டும் என்று தள்ளாதே. என் பெட்டியும் இரண்டு மைக்கும் சும்மாதான் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை ரயிலில் எடுத்துக்கொண்டு வருகிறேன், ஞாயிறு ராத்திரி வரை இருப்பேன். ‘ஆமா’ நான் போடுகிறேன், மாமாவுக்கு என் குரல் பழக்கம்தான்.

அந்த 1994 கேசட் உன் தகரப் பெட்டியில் இருந்தால் தேடி எடுத்து வை. பூசணம் பிடித்திருந்தால் நீயாகத் துடைக்காதே. டேப் டெக்கும் ஹெட் துடைக்கிற ஸ்பிரிட்டும் கொண்டு வருகிறேன், அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். மாமாவிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல், எதற்கு என்று சொல்லாதே. முன்கூட்டியே தெரிந்தால் தொண்டை சரியில்லை என்பார்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சண்முகம்