கேதுரு நீதிமானுக்கு மட்டும் உவமை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வேதாகம மரங்கள் பற்றிய தொடரில், கேதுரு (லீபனோன் மலைகளில் வளரும் உயரமான ஊசியிலை மரம், ஆங்கிலத்தில் cedar) நீதிமானின் அடையாளம் என்பதோடு முடித்துவிட்டீர்கள். நீதிமான் கேதுருவைப்போல் வளர்வான் என்னும் சங்கீதம் 92-க்கு அது சரி. நட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தே காய்க்கும் மரம் அது. நீதிமான்கள் முதிர்வயதிலும் கனி தருவார்கள் என்று அந்தச் சங்கீதம் தொடர்வது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் எல்லா இடத்திலும் இதே பொருளைக் கொண்டால் தீர்க்கதரிசிகளின் கோபமே புரியாது. மரம் நிற்பது மலையிலா, அரசன் வீட்டிலா, பலி செலுத்தும் ஆசாரியன் கையிலா என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

யூதேயாவின் தாழ்நாட்டில் மலிந்திருந்தது நீண்ட உத்திரத்துக்கு உதவாத காட்டத்தி மரம். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் அகலமோ 20 முழம், ஏறக்குறைய 9 மீட்டர். அந்த நீளத்துக்கு நேராக, பூச்சி அரிக்காத உத்திரம் வேண்டுமென்றால் லீபனோனுக்குத்தான் போகவேண்டும். தீரு அரசன் ஈராமின் ஆட்கள் மரங்களைத் தெப்பங்களாகக் கட்டிக் கடல்வழியே யோப்பாவுக்கு அனுப்பினார்கள். விலையாகச் சாலொமோன் ஆண்டுதோறும் கொடுத்த கோதுமை மட்டும் 20,000 கோர் (பழைய தானிய அளவு). வேலைக்குப் பிடிக்கப்பட்ட 30,000 பேர், மாதத்துக்கு 10,000 பேராக முறைவைத்து லீபனோனுக்குப் போனார்கள். கேதுரு வீடு என்றாலே அரச செல்வம் என்று ஆனது இப்படித்தான். கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுருப் பலகை பதித்து, ஜாதிலிங்கச் சிவப்புப் பூசிய யூதா அரசன் யோயாக்கீமிடம், கேதுருவில் போட்டியிடுவதாலா நீ அரசன் என்று தீர்க்கதரிசி எரேமியா (22-ஆம் அதிகாரம்) கேட்பது அதனால்தான். எசேக்கியேல் 31-இல் அசீரியப் பேரரசே கேதுரு. கிளைகளில் பறவைகள் கூடு கட்டும். உயரத்தால் நெஞ்சம் மேட்டிமை கொண்டதும் அந்நியர் வெட்டிச் சாய்க்கிறார்கள். ஏசாயா 2:13-இலும் கேதுருவின் உயரம் குற்றமாகவே வருகிறது.

தொடர் தொடாமலே விட்டது லேவியராகமம் 14. குஷ்டம் நீங்கியவனைச் சுத்திகரிக்க இரண்டு குருவிகள், கேதுருக்கட்டை, சிவப்பு நூல், ஈசோப்பு என்னும் சிறு பூண்டு வேண்டும். ஊற்றுநீர் உள்ள மண்பாண்டத்தின்மேல் ஒரு குருவியைக் கொன்று, மற்றதை இம்மூன்றோடும் அந்த இரத்தத்தில் தோய்த்து, அவன்மேல் ஏழுதரம் தெளித்து, உயிருள்ள குருவியை வெளியே விட்டுவிடுவார் ஆசாரியர். மிக உயர்ந்த மரமும் சுவரில் முளைக்கும் பூண்டும் ஒரே கையில் ஏன்? 11-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி, இந்நோய் அகந்தையால் வருவது, கேதுருபோல் உயர்ந்தவன் பூச்சியைப்போலவும் ஈசோப்பைப்போலவும் தாழவேண்டும் என்கிறார். அந்தச் சிவப்பு நூலுக்குச் சாயம் தருவது ஒரு சிறு பூச்சி என்பதை அறிந்தால் அவர் சொல்வது இன்னும் தெளிவாகும். எண்ணாகமம் 19-இலும் இதே மூன்றும் சிவப்புக் கிடாரியோடு நெருப்பில் போடப்படுகின்றன.

தொடரின் அடுத்த பகுதியில் இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை