இஞ்சி டிரெஸ்ஸிங்கை அடுப்பில் ஏற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான ஜப்பானிய முறை இஞ்சி சாலட் டிரெஸ்ஸிங் செய்முறையைப் படித்துவிட்டு, அன்று மாலையே அதைச் செய்து பார்த்தவர்களுள் நானும் ஒருத்தி. மனையியல் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது கேத்தி பாலாடாவில் எங்கள் குடும்பத்தின் கேரட் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் வசிக்கிறேன். கேரட்டும் இஞ்சியும் சேர்ந்த ஒரு பண்டத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ததற்கு நன்றி. ஆனால் அச்செய்முறையில், இஞ்சியையும் வெங்காயத்தையும் "பச்சை வாசனை போகும் வரை எண்ணெயில் வதக்கி, ஆறவைத்து அரைக்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி பண்டத்தையே வேறொன்றாக மாற்றிவிடுகிறது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பச்சை வாசனை போக வதக்குவது நம் கைக்குப் பழகிப்போன வேலை. குழம்பானாலும் குருமாவானாலும் இஞ்சி எண்ணெயில் விழுந்து மணம் மாறிய பிறகே அடுத்த பொருளைக் கையில் எடுக்கிறோம். இஞ்சித் துவையலுக்குக்கூட வதக்காமல் அரைப்பதில்லை. சமைத்த உணவில் அது சரி. இந்த டிரெஸ்ஸிங்கிலோ அந்தப் பச்சை வாசனைதான் உயிர். இஞ்சிக்குக் காரம் தருவது ஜிஞ்சரால் என்னும் பொருள். வதக்கும்போது அதில் ஒரு பகுதி ஜிஞ்சரோனாக மாறிக் காரம் தணிந்து, லேசான இனிப்பு மணம் ஏறுகிறது. எலுமிச்சையை நினைவூட்டும் மெல்லிய வாசனையும் ஆவியோடு போய்விடுகிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது உண்டாவது ஷோகால். இஞ்சிக்கு ஜப்பானியர் சொல்லும் 'ஷோகா' என்ற சொல்லிலிருந்தே அதற்கு இந்தப் பெயர் வந்தது. அதன் காரம் இன்னும் கடுமையானது, தொண்டையில் தங்குவது. ஆகவே அவசரத்துக்குச் சுக்குப் பொடியைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று நினைப்பவர்களும் ஏமாறுவார்கள். கடையில் விற்கும் இஞ்சிப்பூண்டு விழுது அறவே கூடாது. அதிலுள்ள பூண்டும் உப்பும் புளிப்பும் மற்ற எல்லாச் சுவையையும் அமுக்கிவிடும். நீர்மோரில் தட்டிப் போடும் இஞ்சியை நாம் யாரும் வதக்குவதில்லை அல்லவா? இதையும் அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் குழப்பமே இராது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானில் 'வாஃபு' டிரெஸ்ஸிங், அதாவது ஜப்பானிய முறை டிரெஸ்ஸிங் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சோயா சாஸ், அரிசி வினிகர், எண்ணெய் ஆகியவை கலந்த, தண்ணீராக ஓடும் கலவை. கேரட் சேர்த்து ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக வரும் இந்த வகை, அமெரிக்காவிலுள்ள ஜப்பானிய உணவகங்களால் பரவியது. 1964-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பெனிஹானா போன்ற உணவகங்களில் சாப்பாட்டுக்கு முன் வைக்கும் சிறு கிண்ணம் சாலட்டின் மேல் ஊற்றப்படுவது இதுதான். பழம்பெரும் ஜப்பானிய மரபு என்று செய்முறையின் முன்னுரையில் எழுதியிருப்பதைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம்.

இனி கேரட். எங்கள் ஊரில் அறுவடைக் காலத்தில் கேரட் கழுவும் இயந்திரத்தின் பக்கம் போனால், உருளையிலிருந்து செம்மண் கரைந்த தண்ணீரோடு கேரட் வந்து விழுவதையும், நேராகவும் வழவழப்பாகவும் இருப்பவை மூட்டையேறி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்புவதையும் காணலாம். நுனி ஒடிந்தவை, நெடுக்கில் வெடித்தவை, இரண்டு கால் முளைத்தாற்போல் பிரிந்தவை எல்லாம் ஓரமாகக் குவிந்து கிடக்கும். மூன்று மாதத்துக்கு மேல் மண்ணில் கிடந்து, பனிக்கும் மழைக்கும் தப்பி வந்த காய், வடிவம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக மாட்டுக்குப் போவதைப் பார்க்க எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அரைத்த பிறகு கோணல் ஏது, நேர் ஏது? இந்த டிரெஸ்ஸிங்குக்கு அந்தக் காய்தான் வேண்டும். ஒடித்தால் 'டக்'கென்று முறியும் புதுக் கேரட்டின் நார் நைசாக அரைபட்டு, எண்ணெய்த் துளிகளும் வினிகரும் பிரிந்து ஓடாமல் பிடித்துக்கொள்கிறது. வாடிய கேரட்டை அரைத்தால் தண்ணீர் ஒருபுறமும் சக்கை ஒருபுறமுமாக நிற்கும்.

இஞ்சிக்கும் நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே கூடலூர், பந்தலூர்ப் பக்கம் விளைகிறது. தோல் மெல்லிதாக, நகத்தால் கீறினாலே சாறு கசியும் இளம் இஞ்சியாகப் பார்த்து வாங்குவது நல்லது. முற்றல் இஞ்சியை மிக்ஸியில் போட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் கடைசியில் நாக்கில் நூல் நூலாகத் தட்டுப்படும். ஜப்பானியர் இதற்கென்றே ஓட்டையில்லாத, சிறு முட்கள் மட்டும் நிறைந்த துருவியை வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுத் துருவியின் மிக நுண்ணிய பக்கமே போதும். நாருக்குக் குறுக்காகப் பிடித்துத் தேய்த்தால், விழுது கீழே விழ, நார் ஒரு சிறு குச்சம்போலத் துருவியின் மேலேயே நின்றுவிடும். அதை எடுத்துப் பிழிந்து சாற்றை மட்டும் சேர்த்துக்கொண்டு, சக்கையை டீக்குப் போட்டுவிடலாம். இஞ்சிச் சாற்றைத் தெளியவைத்து அடியில் படியும் வெள்ளை மண்டியை நீக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த மண்டி மாவுச்சத்துதான். இதற்கு அதை நீக்க வேண்டியதில்லை.

நான் செய்யும் அளவு இது: கேரட் 200 கிராம், இஞ்சி விழுது 40 கிராம், பெரிய வெங்காயம் பாதி, வினிகர் 60 மில்லி, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, மணமில்லாத எண்ணெய் 100 மில்லி. செலரித் தண்டு ஒன்று கிடைத்தால் இன்னும் சிறப்பு. இங்கே சைனீஸ் காய்கறி பயிரிடும் தோட்டங்களில் அது தாராளமாகக் கிடைக்கிறது. எண்ணெயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் நன்றாக அரைத்துவிட்டு, பிறகு மிக்ஸி ஓடும்போதே எண்ணெயை நூல்போல ஊற்ற வேண்டும். தங்கள் செய்முறையில் உள்ளபடி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தபோது, கால் மணி நேரத்தில் எண்ணெய் மேலே மிதந்து நின்றது. தனி உப்பு போடுவதற்கு முன் ருசி பாருங்கள். சோயா சாஸிலேயே உப்பு மிகுதி என்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அதையும் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

வினிகர் விஷயத்தில்தான் எனக்கு மெய்யான வருத்தம். செய்முறையில் வெறுமனே "வினிகர்" என்று இருந்ததால், பலரும் மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரையே வாங்கியிருப்பார்கள். அது பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்த செயற்கை வினிகர். புட்டியின் சீட்டிலேயே சிந்தெடிக் என்று அச்சிட்டிருக்கும். ஊறுகாய்க்கு அது உதவலாம். சமைக்காமல் உண்ணும் இந்தக் கலவையில் அதன் நெடி மூக்கில் ஏறி, இஞ்சியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அரிசி வினிகர் கிடைக்காத வீட்டில் புளிக்கவைத்து எடுத்த ஆப்பிள் வினிகரை மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்தலாம். அரிசி வினிகரின் புளிப்பு அதைவிடச் சற்று மென்மையானது என்பதால்தான் இந்தத் தண்ணீர். சோயா சாஸிலும் இதே கவனம் வேண்டும். சோயாவும் கோதுமையும் உப்புநீரில் மாதக்கணக்கில் நொதித்து உண்டானதா, நிறமும் அமிலமும் கூட்டித் தயாரித்ததா என்பது சீட்டைப் படித்தாலே தெரிந்துவிடும்.

எள்ளெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் எள்ளில் பிறந்தவைதான் என்றாலும், ஜப்பானியச் சமையலில் மணத்துக்காக விடும் எண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுப்பது. நம் செக்கில் ஆடுவதோ வறுக்காத எள். நல்லெண்ணெய் 100 மில்லியும் ஊற்றினால் மிளகாய்ப் பொடிக்குக் குழைத்த எண்ணெயின் வாசனைதான் வரும். அதற்கு எளிய வழி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்து, ஆறியபின் அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்கிக் கடைசியில் கலந்துகொள்ளுங்கள். இந்தச் செய்முறையில் அடுப்புக்கு உள்ள வேலை அவ்வளவுதான்.

"இரண்டு வாரம் கெடாது" என்ற குறிப்பையும் திருத்த வேண்டுகிறேன். மலைவாசிகளான எங்களுக்கு ஒரு தவறான துணிச்சல் உண்டு: குளிர்தானே, வெளியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். ஒருமுறை நானும் அப்படிச் சமையலறை ஜன்னலோரம் நான்கு நாள் வைத்திருந்த புட்டியைத் திறந்தபோது, மூடி 'புஸ்' என்று எழும்பி, கலவை நுரைத்து வழிந்தது. இரவில் உறைபனி விழும் மாதத்திலும் பகல் வெயில் ஜன்னலைச் சுடத்தான் செய்கிறது. பச்சைக் காய் அரைத்த கலவை இது; சுத்தமான கண்ணாடிப் புட்டியில், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஐந்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். இஞ்சியின் மணம் மூன்றாம் நாளே இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், கொஞ்சமாகச் செய்து அடிக்கடி அரைத்துக்கொள்வதே மேல்.

உதகை, குன்னூர் உணவக உரிமையாளர்களுக்கும் இதே பத்தியில் ஒரு வேண்டுகோள். தோட்டத்திலிருந்து அன்று காலை வந்த லெட்யூஸின் மேல், எங்கோ அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற புட்டி டிரெஸ்ஸிங்கை ஊற்றுவதை அண்மையில் ஓரிடத்தில் பார்த்தேன். வாசலுக்கு வெளியே கேரட் மூட்டை ஏற்றிய லாரி நின்றுகொண்டிருந்தது. பத்து நிமிட வேலை இது. ஓரத்தில் ஒதுக்கப்படும் கேரட்டை உழவர்களிடம் நேரே விலைகொடுத்து வாங்கினால், அவர்களுக்கும் நாலு காசு மிஞ்சும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் இத்திருத்தங்களை வெளியிடுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் இடமில்லை என்றால், "வதக்கி" என்ற அந்த ஒரு சொல்லையாவது நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கேத்தி பாலாடா, நீலகிரி மாவட்டம்.