கால்பந்து அணி குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு கோப்பையை வென்ற அணியில் எட்டுப் பேர் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார்கள். இந்த ஆண்டின் முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். அதன் பிறகு உங்களில் பலர் எனக்கு எழுதினீர்கள், சிலர் நேரில் வந்தீர்கள். பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. வேறு பள்ளிகளில் நன்றாக ஆடும் மாணவர்களை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் செய்யப்போவதில்லை. காரணத்தை உங்களிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

கோப்பை வென்ற மூன்று ஆண்டுகளும் எங்கள் கவனம் முழுவதும் ஓர் அணியின் மேல்தான் இருந்தது. பயிற்சியாளரின் மாலை நேரமெல்லாம் பதினெட்டு மாணவர்களுக்கே போயிற்று. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் மைதானத்தின் ஓரத்தில் இரண்டு பந்துகளைத் துரத்திக்கொண்டிருந்ததை நான் தினமும் என் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்தும் எதுவும் செய்யவில்லை. இன்று நமக்கு ஆள் இல்லை என்றால், அன்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் இல்லாததே காரணம். பொறுப்பு என்னுடையது, பயிற்சியாளருடையது அல்ல. ஆறாம் வகுப்பில் பந்தைத் தொடும் பிள்ளை முதல் அணிக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சியாளரை மாற்றும் பள்ளியில் எந்தப் பிள்ளையும் ஒரே கையில் வளர முடியாது.

இனி எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் கழிக்க மாட்டோம். ஆட வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஆடும். இதைக் கருணையாக மட்டும் பார்க்க வேண்டாம். பதினொரு வயதில் யார் பின்னால் சிறந்த ஆட்டக்காரர் ஆவார் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பல நாடுகளின் இளையோர் அணிகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்: வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைந்துவிடுகிறார்கள். அந்த வயதில் பத்து மாத மூப்பு என்பது உயரமும் எடையும் வேகமும்தான். அதைத் திறமை என்று எண்ணிவிடுகிறோம். பதினைந்து வயதில் மற்றவர்களும் வளர்ந்து நிற்கும்போது நாம் கழித்துவிட்ட பிள்ளை வேறு எங்கோ போயிருக்கும், அல்லது ஆட்டத்தையே விட்டிருக்கும்.

சின்னவர்களுக்குப் பெரிய மைதானமும் வேண்டாம். பக்கத்துக்கு நான்கு பேர், சிறிய களம், பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பெரியவர்கள் ஆடுவதைவிடச் சற்றுச் சிறிய நான்காம் அளவுப் பந்து. பதினொருவர் ஆடும் முழு மைதானத்தில் ஒரு சிறுவன் பல நிமிடங்கள் பந்தையே தொடாமல் நிற்பான். சிறிய களத்தில் ஒதுங்கி நிற்கவே இடம் இருக்காது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அணிக்கு ஆள் தேர்வு உண்டு, ஆனால் இரண்டாம் அணிக்கும் தனிப் பயிற்சியும் தனி ஆட்டங்களும் இருக்கும். பெண்கள் அணிக்கும் மைதானம் வாரத்தில் சம நாட்கள் கிடைக்கும். இதுவரை அவர்களுக்கு எஞ்சிய நேரத்தைத்தான் கொடுத்துவந்தோம்.

காயங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஃபிஃபாவின் மருத்துவக் குழு 2006-இல் வடிவமைத்த ‘11+’ என்ற, ஆடும் முன் உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சியைச் சுமார் 20 நிமிடங்களில் செய்துவிடலாம். ஓட்டம், ஒற்றைக் காலில் நிலைப்பது, தாவித் தரையிறங்குவது என்று அமைந்தது அது. வாரத்துக்கு இரண்டு முறையாவது விடாமல் செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழங்காலின் உள்ளே தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் நேர்வதால் அவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டியூஷன் முடிந்து தாமதமாக வரும் பிள்ளை நேராக ஆட்டத்தில் இறங்க அனுமதி இல்லை.

தலையில் அடிபட்டால் விதி ஒன்றே: மூளை அதிர்வோ என்ற சந்தேகம் வந்தாலே வெளியே வர வேண்டும், அன்று மீண்டும் இறங்கக் கூடாது. சென்ற ஆண்டு அரையிறுதியில் நம் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் தலையோடு தலை மோதினார். “ஒன்றுமில்லை சார், ஆடுகிறேன்” என்று கெஞ்சினார். பயிற்சியாளர் அவரை உட்கார வைத்தார். எல்லைக்கோட்டில் நின்றிருந்தவர்கள் பயிற்சியாளரைத் திட்டியது எனக்குக் கேட்டது. அந்த ஆண்டு முழுவதிலும் எங்கள் பள்ளியில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அதுதான் என்று நான் நினைக்கிறேன். அடிபட்ட மாணவர் முதலில் தலைவலியோ மயக்கமோ இல்லாமல் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். பிறகு மருத்துவரின் ஒப்புதலோடு படிப்படியாகப் பயிற்சிக்கு வரலாம்.

இன்னொன்று, நகர்த்தக்கூடிய கோல் கம்பங்களில் பிள்ளைகள் தொங்குவதைக் கண்டால் உடனே தடுத்து நிறுத்துங்கள். தரையில் பிணைக்கப்படாத கம்பம் சாய்ந்து உலகில் பல குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள். நம்முடையவற்றை இப்போது பிணைத்துவிட்டோம்.

வெளியே தனிப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் எங்களுக்குத் தெரிவியுங்கள். வாரத்தில் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல். ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் தேவை. அதைக் குறைத்துக்கொண்டு ஆட வரும் மாணவரை நான் திருப்பி அனுப்புவேன்.

மதிப்பெண் குறைந்தால் கால்பந்தை நிறுத்திவிடுங்கள் என்று சிலர் கேட்கிறீர்கள். நிறுத்த மாட்டோம். மாலையில் ஒரு மணிநேரம் ஆசிரியர் ஒருவர் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க வைப்பார், பிறகு அது மைதானத்துக்குப் போகும்.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம் கடினமானது. ஆட்டத்தின்போது கைதட்டுங்கள், பெயர் சொல்லி உற்சாகப்படுத்துங்கள். “அடி, பாஸ் கொடு, பின்னால் போ” என்று கட்டளையிட வேண்டாம். சென்ற வாரம் ஒரு சிறுமியைக் கவனித்தேன். ஒவ்வொரு முறை பந்தை விட்டதும் அவள் பார்த்தது சக ஆட்டக்காரிகளை அல்ல, தன் அப்பாவின் முகத்தை. வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் ஆட்டத்தை அலச வேண்டாம், அவர்களாகப் பேசினால் கேளுங்கள். நடுவர்களில் பலர் இருபது வயதுகூட நிரம்பாதவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் நாம் தோற்கக்கூடும். முதல் அணி நடுக்களத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பினரை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தே இந்த முடிவை எடுத்திருக்கிறேன். பயிற்சியாளர் இல்லாத நாளிலும் வேலை நிற்காமல் இருக்க, எங்கள் ஆசிரியர்கள் இருவர் அவரிடம் பயிற்சிமுறையைக் கற்றுவருகிறார்கள். எந்த வகுப்பில் எதைக் கற்பிக்கிறோம் என்பதும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்படுகிறது.

வளரும் கால்களுக்கு ஆறு மாதத்தில் ஷூ சிறிதாகிவிடுகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒதுக்கிவைத்த கால்பந்து ஷூக்கள் இருந்தால் கழுவிக் காயவைத்து உடற்கல்வி அறையில் கொடுங்கள். வெறுங்காலோடு வரும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள்.

வரும் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆறாம் வகுப்பின் நாற்பது பேரும் ஆடுகிறார்கள். ஐந்து சிறு களங்களுக்குக் கோடு போடவும் கூம்பு வைக்கவும் பத்துப் பெற்றோர் தேவை. ஆறு மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்