எம்பெடட் பணிக்கு ஆள் எடுக்கும் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஃபர்ம்வேர், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்பிலேயே ஓடும் மென்பொருள், எழுதும் எம்பெடட் வேலைக்கு, கணினிப் பாதுகாப்பு ஆய்வில் ஊறியவர்கள் விண்ணப்பித்தால் பல இடங்களில் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுகிறோம். 'உடைக்கத் தெரிந்தவருக்கு உருவாக்கத் தெரியுமா?' என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். பதிலைத் தேடாமலே விண்ணப்பத்தை மூடிவைப்பதுதான் தவறு.

அவர்களுடைய ஆய்வுக் குறிப்பு ஒன்றைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஆய்வாளர் கையில் இருப்பது ஒரு சிப்பிலிருந்து எடுத்த வெறும் பைனரி, அதாவது எண்களாக மாறிவிட்ட நிரல். மனிதர் எழுதிய சோர்ஸ் கிடையாது, ஆவணம் கிடையாது. அவர் முதல் எட்டு பைட்டுகளைப் பார்க்கிறார். கார்டெக்ஸ்-எம் வகை சிப் என்றால் முதல் நான்கும் ஸ்டாக் (நிரலின் தற்காலிக நினைவிடம்) தொடங்கும் முகவரி, அடுத்த நான்கும் ரீசெட் ஹேண்ட்லர், அதாவது சிப் விழித்ததும் முதலில் ஓடும் நிரலின் முகவரி. பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் முன்னது 20 என்று தொடங்கினால் ரேம். பின்னது 08 என்று தொடங்கினால் எஸ்டிஎம்32 என்ற சிப் வரிசையின் ஃபிளாஷாக (நிரல் நிலையாக இருக்கும் நினைவகம்) இருக்கலாம். அதன் கடைசி பிட் 1 ஆக இருப்பது, அங்கே ஓடுவது தம்ப் வகைக் கட்டளைகள் என்பதற்கான குறி, முகவரியின் பகுதி அல்ல. அங்கிருந்து ஃபிளாஷில் உள்ள தொடக்க மதிப்புகள் ரேமுக்குப் போவதையும் கிளாக் அமைவதையும் தொடர்ந்து மெயின் வரை வந்துவிடுகிறார். போர்டு உயிர்பெறும் வழியை இவ்வளவு தெளிவாகச் சொல்பவர் எம்பெடட் ஆள் இல்லையென்றால் வேறு யார்?

2015-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வலசெக்கும் ஜீப் செரோக்கியில் செய்ததை நினைத்துப் பாருங்கள். செல்பேசி வலையமைப்பு வழியே காரின் ஹெட் யூனிட்டுக்குள் (பாட்டு, வரைபடம் காட்டும் திரைக் கருவி) நுழைந்தார்கள். காரின் பாகங்களை இணைக்கும் கேன் பஸ் என்ற தொடர்புத் தடத்தோடு பேசியது அதற்குள் இருந்த தனி வி850 சிப். அதன் ஃபர்ம்வேரை மாற்றி எழுதி ஏற்றினார்கள். ஃபர்ம்வேர் தயாரிப்பாளருடையதுதானா என்று பார்க்கும் கையொப்பச் சோதனை இல்லாததால் சிப்பும் ஏற்றுக்கொண்டது. ஃபியட் கிறைஸ்லர் சுமார் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அறிமுகமில்லாத சிப்பில் ஓடும் நிரலை மாற்றி, மறுபடி ஓடவைப்பது முழுக்க முழுக்க நம்முடைய வேலை.

சிவிஇ (பதிவான பாதுகாப்புப் பிழைகள்) எண்ணிக்கையையும் சிடிஎஃப் (ஹேக்கிங் போட்டி) தரவரிசையையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே வகைப் பிழையைப் பத்துக் கருவிகளில் காட்டுவதைவிட, ஒன்றை வேர்வரை தோண்டியது மேல். ரகசிய ஒப்பந்தத்தால் நல்ல வேலை வெளியே தெரியாமலும் போகும். மெலிந்த போர்ட்ஃபோலியோவைக் கண்டு முடிவெடுத்துவிடாதீர்கள்.

இந்தப் போர்ட்ஃபோலியோ காட்டாதவையும் உண்டு. பிழையைப் பயன்படுத்தி உள்ளே நுழையும் எக்ஸ்பிளாய்ட் பத்தில் ஒருமுறை ஓடினாலே நிரூபணம் ஆகிவிடும். நம் பொருளோ வெயிலிலும் தூசியிலும் வருடக்கணக்கில் ஓட வேண்டும். இன்டரப்ட் (உடனே கவனிக்கச் சொல்லும் குறிப்பு) வந்தபின் ஆகும் தாமதம், பேட்டரிக் கணக்கு, பிறர் படித்துத் திருத்தக்கூடிய நிரல் ஆகியவற்றை நேர்காணலில்தான் கேட்டறிய முடியும்.

ஆகவே அந்த விண்ணப்பத்தைச் சொல் தேடும் மென்பொருளிடம் விடாமல், ஃபர்ம்வேர் எழுதும் ஒருவர் கையில் கொடுங்கள். விண்ணப்பதாரர் கண்டுபிடித்த பிழையையே நேர்காணலில் மேசைமேல் வையுங்கள். 'பூட்லோடரில் (கருவியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) 2 கேபி இடம்தான் மிச்சம். இதை எப்படித் திருத்துவீர்கள்? அப்டேட் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் அவரைப் பேச விடுங்கள்.

அன்புடன்,
ஒரு ஃபர்ம்வேர் பொறியாளர்