உன் ஆய்வு எந்தத் துறை?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. உன் கல்லூரியின் ஆய்வுப் பட்டியலைப் பார்த்தால் எலும்பு, மணல், பிளாஸ்டிக், மூளை, நில அதிர்வு என்று எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கிறது, இதில் பொறியியல் எங்கே என்று கேட்டிருந்தாய். அடுத்தது உன்னைப் பற்றியது. இயந்திரவியல் துறையில் இருந்துகொண்டு கல்லீரலுக்குள் மீயொலி (காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்ட்) அனுப்புகிற உன்னிடம், ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவாவில் "நீ இன்ஜினியரா, டாக்டரா?" என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டாவதுதான் உன்னை உறுத்துகிறது என்று தெரிகிறது. ஆனால் முதலாவதைப் பேசினால்தான் இரண்டாவதற்கு வழி பிறக்கும்.

பாரிஸில் 1882-ல் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள். இன்று அதை இ.எஸ்.பி.சி.ஐ. என்கிறார்கள். 1871-ல் ஜெர்மனியிடம் அல்சாஸ் பகுதியை இழந்தபோது பிரான்ஸ் அங்கிருந்த வேதியியல் தொழிலையும், முல்ஹவுஸ் நகரின் வேதியியல் கல்லூரியையும் சேர்த்தே இழந்தது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இது வந்தது. தொழிற்சாலைகளுக்கு நல்ல இன்ஜினியர்கள் வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அங்கே மாணவர்களின் ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ள 23 வயதில் ஒருவர் சேர்ந்தார். அவர் பெயர் பியர் கியூரி.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1880-ல், அவரும் அண்ணன் ஜாக்கும் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினாலோ இழுத்தாலோ அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றும். நீ தினமும் கையாளும் அழுத்தமின் விளைவு இதுதான். இந்தக் குவார்ட்ஸை மட்டும் கவனித்துக்கொண்டே வா, அது எங்கெங்கே போகிறது என்று பார்.

சகோதரர்கள் இருவரும் அதை வைத்து ஓர் அளவுக் கருவி செய்தார்கள். குவார்ட்ஸ் தகட்டில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டால் தெரிந்த அளவு மின்னூட்டம் கிடைக்கும். அதைக் கொண்டு மிக மெல்லிய மின்னோட்டத்தை ஈடுசெய்து அளந்துவிடலாம். 1897 கடைசியில் மேரி கியூரி யுரேனியக் கதிர்களை ஆராய்ச்சிக்கு எடுத்தபோது, அதே கல்லூரி வளாகத்தில், இந்தக் கருவியோடுதான் தொடங்கினார். மற்றவர்கள் பெரும்பாலும் கதிர்களைப் புகைப்படத் தகட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் எண்ணாக அளந்தார். அளந்ததால்தான், பிட்ச்பிளெண்டு என்ற தாது அதிலிருக்கும் யுரேனியத்தின் அளவுக்கு மீறிக் கதிர் வீசுகிறது என்பது தெரிந்தது. அப்படியானால் உள்ளே இன்னொன்று இருக்கிறது. 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். ரேடியம் பற்றிய அறிக்கையில் மூன்றாவது பெயர் குஸ்தாவ் பெமோன் என்பது. அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தைக் கவனித்தவர். இந்தப் பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை. நீ வைத்துக்கொள், காரணம் பிறகு சொல்கிறேன்.

பியரிடம் அங்கே படித்த மாணவர்களில் ஒருவர் பால் லாஞ்ஜெவின். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க வழி தேவைப்பட்டது. கான்ஸ்டன்டின் சிலோவ்ஸ்கி என்ற ரஷ்ய இன்ஜினியர் மீயொலியின் எதிரொலியைப் பயன்படுத்தலாம் என்றார். லாஞ்ஜெவின் தன் ஆசிரியரின் குவார்ட்ஸை எடுத்தார். மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும், அதிர்ந்தால் ஒலி வரும், திரும்பி வரும் எதிரொலி அதிலேயே மறுபடி மின்சாரமாகும். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே குவார்ட்ஸை வைத்து அவர் செய்த அமைப்பில் 1918-ல் நீர்மூழ்கியின் எதிரொலி கேட்டது. சோதனையின்போது ஒலிக்கற்றைக்கு அருகே வந்த மீன்கள் செத்தன, கையை வைத்தால் வலித்தது என்றும் அவர் பதிந்திருக்கிறார். உயிருள்ள திசுவை மீயொலி தொட்ட செய்தி கப்பற்படைக்கான ஆய்விலிருந்து வந்திருக்கிறது பார்!

அப்புறம் அது மருத்துவத்துக்குப் போனது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், உலோகத்தில் விரிசல் தேடும் மீயொலிக் கருவியை எடுத்து, டாம் பிரவுன் என்ற இன்ஜினியரோடு சேர்ந்து வயிற்றுக்குள் பார்த்தார். 1958-ல் வெளியான அவர்கள் கட்டுரைக்குப் பிறகுதான் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் என்பதே மெல்லப் பரவியது. நீ பிறப்பதற்கு முன் உன்னை நான் முதலில் பார்த்ததும் அப்படித்தான்.

கதை மறுபடி பாரிஸுக்கே திரும்புகிறது. அதே கல்லூரியில் மத்தியாஸ் ஃபிங்க் என்பவரின் குழு, ஒலியலையைப் பதிவுசெய்து, கடைசியில் வந்ததை முதலில் வைத்துப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி அனுப்பினால் அது புறப்பட்ட இடத்திலேயே போய்க் குவியும் என்று செய்து காட்டியது. பிறகு நீ செய்யும் வேலைக்கு வந்தார்கள்: திசுவுக்குள் ஒரு குறுக்கலையை (போகும் திசைக்குக் குறுக்கே திசுவை அசைக்கும் அலை) எழுப்பி, அது நொடிக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று பார்த்துத் திசுவின் கடினத்தைக் கணிப்பது. இறுகிய திசுவில் அலை வேகமாக ஓடும். நில அதிர்வில் எஸ் அலை என்கிறோமே, அதுவும் இதே வகை அலைதான். உன் பட்டியலில் கல்லீரலும் நில அதிர்வும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைச் சிதறல் என்றாயே, இரண்டு பேரும் எழுதும் சமன்பாட்டை எடுத்து வைத்துப் பார்.

அந்தக் கல்லூரியின் பட்டியல் இத்தோடு முடியவில்லை. லுட்டீசியம் என்ற தனிமத்தைக் கண்டவர்களில் ஒருவர், நியான் விளக்கைக் கொண்டுவந்தவர், செயற்கைக் கதிரியக்கத்துக்காக 1935-ல் நோபல் வாங்கியவர்களில் ஒருவர் என்று அங்கே படித்தவர்கள் பலர். 1976 முதல் 2002 வரை அதை நடத்திய பியர்-கில் தெ ஜென் திரவப் படிகங்களுக்கும் பாலிமர்களுக்குமாக 1991-ல் நோபல் பெற்றார். 2011-ல் அங்கே லுட்விக் லைப்லெர் குழு, கெட்டிப்பட்ட பிறகும் சூடாக்கினால் கண்ணாடிபோல் வேறு வடிவத்துக்கு மாற்றக்கூடிய ஒரு பிளாஸ்டிக்கைச் செய்தது. தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்கத் தொடங்கிய இடம் இது.

எல்லாச் சிதறலும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பணம் எங்கே வருகிறதோ அங்கே தலைப்பை மாற்றிக்கொண்டு ஓடும் ஆய்வும் இருக்கிறது. வருடத்துக்கு எத்தனை பேப்பர் என்று எண்ணும் இடங்களில் அது அதிகம். வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? துறை மாறும்போது கூடவே ஒரு கருவியோ ஒரு கேள்வியோ வருகிறதா என்று பார்ப்பேன். குவார்ட்ஸ் வந்தது. அதனால் அது நேர்மையான பயணம். உன்னோடும் அலை வருகிறது. எனக்கு உன் வேலைமேல் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்றை நீ முழுசாகச் செய்ய வேண்டும், இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ரேடியம் இருக்கிறது என்பதற்கு 1898-லேயே மேரியிடம் கதிர்வீச்சு அளவுகள் இருந்தன. நிறமாலையில் ஒரு புதிய கோடும் கிடைத்திருந்தது. இயற்பியலாளருக்கு அது போதும். வேதியியலாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை: பொருளைக் காட்டு, அணு எடையைச் சொல் என்றார்கள். அவர் அதை அநியாயம் என்று ஒதுக்கவில்லை. கல்லூரியின் ஒழுகும் கொட்டகையில், முன்பு மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்துப் பழகிய இடத்தில், டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சிப் பிரித்து, 1902-ல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடை எடுத்தார். அணு எடை 225 என்று சொன்னார். இன்னொரு துறைக்குள் போனபோது அந்தத் துறை கேட்ட சான்றை அந்தத் துறையின் முறையிலேயே கொடுத்தார். அந்த வேதியியலில் அவருக்கு ஆரம்பத்திலேயே துணை நின்றவர் பெமோன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். திசுவுக்குப் பதிலாக வைத்து அளக்கும் ஜெலட்டின் மாதிரியில் அலைவேகம் சரியாக வருகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தாய். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கல்லீரல் மருத்துவர் அதைக் கேட்கமாட்டார். பயாப்சியில், அதாவது கல்லீரலில் ஒரு சிறு துண்டெடுத்துப் பார்க்கும் சோதனையில், தெரியும் நார்த்தன்மையோடு (நோயால் திசு நார்போல் இறுகுவது) உன் எண் ஒத்துப்போகிறதா, வீக்கம் இருக்கும்போதும் சாப்பிட்டவுடனேயும் கல்லீரல் இறுக்கமாகக் காட்டுமே அதை எப்படிப் பிரிக்கிறாய், வேறொருவர் அளந்தாலும் அதே எண் வருமா என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்கு உன் ஆய்வேட்டில் தனி அத்தியாயம் இருந்தால், வைவாவில் நீ யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் 'இன்ஜினியர்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

அதனால் உன் கைடிடம் பேசி, ஒரு கல்லீரல் மருத்துவரை உன் குழுவில் சேர்க்கச் சொல். பெயருக்கு இல்லை, அளக்கும் நாளில் பக்கத்தில் நிற்பவராக. அவர் "இது எனக்கு உதவாது" என்று சொன்னால் ஏன் என்று கேட்டு, சொன்னதை அப்படியே குறித்துக்கொள். பயாப்சி முடிவுகளைப் பயன்படுத்த நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டியிருக்கும், அது தாமதமாகும், இப்போதே விண்ணப்பம் போட்டுவிடு. முதல் அத்தியாயத்தின் வரைவை எனக்கு அனுப்பு. இத்தனை வருடம் இயற்பியல் நடத்திய அம்மாவுக்கு அலைப் பகுதி புரியும். கல்லீரல் பகுதியும் எனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறாயா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா