8 நாளில் 22 இடங்கள்: ஜப்பான் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானுக்கு ஆள் கூட்டிப்போகும் நம்மூர்ச் சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கியோட்டோவில் சஞ்சுசன்கென்டோ கோயிலை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று எங்கள் குழுவை அழைத்துச் சென்ற மேலாளரிடம் கேட்டேன். "உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள் சார். வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்" என்றார். மனிதர் கெட்டவர் அல்லர். 34 பேரின் பாஸ்போர்ட்டையும் மூட்டுவலியையும் 8 நாளும் சுமந்தவர். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத வைத்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. திரும்பி வந்தபின் நான்கைந்து நிறுவனங்களின் துண்டறிக்கைகளை வாங்கி வரிசையாக விரித்துப் பார்த்தேன். தலைப்பில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது.

எங்களுக்குக் கல்யாணமாகி 30 ஆண்டுகள் ஆனதை முன்னிட்டுப் போன பயணம் இது. என் மனைவி காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். பழைய ஜப்பானைப் பார்க்க வேண்டும், அதுவும் கையால் வேலை செய்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. துண்டறிக்கையில் "பாரம்பரிய ஜப்பான்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினோம். நல்லவேளையாக, குழு ஊர் திரும்பிய பிறகு 4 நாள் நாங்கள் மட்டும் கியோட்டோவில் தங்கும்படி டிக்கெட்டை வாங்கச் சொல்லியிருந்தாள். இல்லையென்றால் நாங்கள் பார்த்தது எவ்வளவு குறைவு என்பதுகூடத் தெரியாமல் வந்திருப்போம்.

794-இலிருந்து 1868 வரை ஜப்பானின் தலைநகராக இருந்த கியோட்டோவுக்கு நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு பகல். அதற்குள் ஐந்து இடங்கள், நடுவே இந்தியச் சாப்பாடு. ஃபுஷிமி இனாரி மலைக்கோயிலுக்கு 40 நிமிடம். 40 நிமிடத்தில் என்ன கிடைக்கும்? செந்நிற தோரி வாயில்கள் நெருக்கமாகத் தொடங்கும் இடத்தில், கூட்டம் விலகக் காத்திருந்து எடுத்த ஒரு படம். கோயில் என்பது அந்த மலை முழுவதும்தான். மலை ஒன்றும் பெரிதில்லை, 233 மீட்டர். இரண்டாம் முறை நாங்களாகப் போனபோது உட்கார்ந்து உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் சுற்றி வந்தோம். ஏறும்போது தூண்கள் வெறுமையாக இருந்தன. இறங்கும்போது பார்த்தால் ஒவ்வொரு தூணின் பின்புறத்திலும் கறுப்பு எழுத்து! கொடுத்தவர் பெயர், கொடுத்த நாள். வியாபாரம் செழிக்க வேண்டியும் செழித்ததற்கு நன்றியாகவும் கடைக்காரர்களும் நிறுவனங்களும் நட்டவை. நம் கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தைவிட உபயதாரர் பெயர் பெரிதாக இருக்குமே, அதே சங்கதி. என் மனைவி சிரித்த சிரிப்பில் மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நின்று தானும் சிரித்துவிட்டுப் போனார். பாதி வழியில் திரும்பச் சொல்லும் உங்கள் திட்டத்தில் இதற்கு இடமில்லை.

இனி, ஆட்கள் ஏமாந்துபோவார்கள் என்று நீங்கள் விட்ட கோயில். சஞ்சுசன்கென்டோ சுமார் 120 மீட்டர் நீளமுள்ள ஒரே கூடம். இப்போது நிற்பது 1266-இல் மீண்டும் கட்டியது. நடுவில் அமர்ந்த கோலத்தில் பெரிய கன்னோன். இருபுறமும் 500, 500 என்று நிற்கும் கன்னோன்கள். கன்னோன் என்பது பௌத்தத்தில் கருணை வடிவான அவலோகிதேசுவரர்தான். அவர்களுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். அவற்றின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கருரா. நராஎன். அஷுரா. கருடனையும் நாராயணனையும் அசுரனையும் எங்கிருந்தாலும் நமக்குத் தெரியாதா? அலகு மூக்கோடு நின்று குழல் ஊதும் அந்தக் கருடனுக்கு முன்னால் நாங்கள் எவ்வளவு நேரம் நின்றோம் என்று கணக்கில்லை. கேமரா பைக்குள் இருந்ததால் கைக்கு வேலையில்லை, கண்ணுக்கு மட்டும்தான் வேலை. போட்டோ எடுக்க முடியாத இடம் என்று நீங்கள் குறையாகச் சொன்னதை நான் அந்தக் கோயிலின் பெரிய வசதி என்பேன்.

நாராவில் மட்டும் என்ன செய்தீர்கள்? தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 15 மீட்டர் உயரம் என்று சொல்லிவிட்டு, மான்களுக்குப் பிஸ்கட் கொடுக்க ஓட்டிக்கொண்டு போனீர்கள். அந்தப் புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு வாங்கினார்கள். சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பது நம் ஸ்தபதிகளிடம் இன்றும் உள்ள வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து போகும் குழுவுக்கு இதைவிட நெருக்கமாகச் சொல்ல அந்த மண்டபத்தில் வேறு என்ன இருக்கிறது? இரண்டு நிமிடப் பேச்சு. மான் எங்கேயும் ஓடிவிடாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜப்பானில் படும் பாடு உண்மை. காய்கறி மட்டும்தான் என்று கொண்டுவந்து வைக்கும் சாறில்கூட கட்ஸுவோபுஷி இருக்கும். அது நம் மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பு, அதே சூரை மீன். அதனால் பயந்துபோய் மதியம்தோறும் இந்திய உணவகத்தைத் தேடி வண்டியில் முக்கால் மணி நேரம் போவதும் வருவதும் உங்களுக்குச் சுலபமாகப் படுகிறது. அந்த ஊரிலேயே புத்தத் துறவிகளின் சமையல் ஒன்று உண்டு, ஷோஜின் ரியோரி என்று பெயர். மீன், இறைச்சி கிடையாது. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. உங்கள் குழுவில் யாராவது வெங்காயம், பூண்டு சேர்க்காதவர் இருந்தால் அவருக்காகவே சமைத்தது போல இருக்கும். எள்ளில் செய்த தோஃபு, சோயாப் பாலைக் காய்ச்சி ஏடெடுத்த யுபா, கடற்பாசிச் சாறு. உப்பும் காரமும் நம் நாக்குக்குக் குறைவுதான், மறைக்கவில்லை. நான் பையிலிருந்த ஊறுகாயை எடுக்கப் போனேன், மனைவி முறைத்ததால் திரும்ப வைத்தேன். முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்குத்தானே உங்களிடம் பணம் கட்டுகிறோம்?

உங்கள் "தேநீர்ச் சடங்கு அனுபவம்" கிமோனோ மாட்டிவிடும் நேரத்தையும் சேர்த்து 25 நிமிடம். பிறகு நாங்களாக ஒரு சிறிய தேநீர்க் கூடத்துக்குப் போனோம். உள்ளே நுழையும் வாயில் இரண்டடிக்குச் சற்று அதிகம், மண்டியிட்டுத்தான் போக முடியும். வாளை வெளியே வைத்துவிட்டுச் சாமுராயும் இப்படித்தான் தவழ்ந்து போவாராம். முதலில் இனிப்பைத் தின்றுவிட வேண்டும். கிண்ணத்தின் முகப்பில் வாய் படாதபடி அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கடைசி மடக்கை மட்டும் சத்தம் வர உறிஞ்ச வேண்டும், அதுதான் மரியாதை. வீட்டில் காபியை உறிஞ்சினால் 30 ஆண்டுகளாகத் திட்டு வாங்குகிறவன் அங்கே எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து என்பது பேச்சுக்கு. கால் மரத்துப்போய் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

நிஷிஜின் உங்கள் எவருடைய பட்டியலிலும் இல்லை. கியோட்டோவின் பட்டு நெசவுப் பகுதி அது. 1872-இல் அங்கிருந்து ஆட்கள் பிரான்சின் லியோன் நகரத்துக்குப் போய், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு சித்திரம் நெய்யும் ஜக்கார்டு தறியைக் கற்று வந்தார்கள். காஞ்சிபுரத்துத் தறியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அதே ஜக்கார்டு. ஆனால் நாங்கள் பார்த்தது அதற்கும் பழைய கைவேலையை. ஒரு மூதாட்டி பாவு நூலுக்கு அடியில் சித்திரத் தாளை வைத்துக்கொண்டு, கிமோனோவின் இடுப்பில் கட்டும் ஓபிப் பட்டையை நெய்துகொண்டிருந்தார். ஊடை நூலைத் தன் விரல் நகங்களால் வாரி இறுக்கினார். நகங்களின் நுனியைச் சீப்புப் பல் போல அரத்தால் அராவி வைத்திருந்தார். மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் சேலை முந்தியை நீட்டினாள். மூதாட்டி அதை வாங்கியதும் செய்த முதல் காரியம், திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தது. "நெய்கிறவள்" என்றாள் மனைவி என்னிடம். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை, அரைமணி நேரம் பேசினார்கள்.

அந்தச் சேலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கியோமிசு கோயிலுக்கு ஏறும் சரிவில் எங்கிருந்தெல்லாமோ வந்த பயணிகள் அவளைக் கேட்காமலே படம் எடுத்தார்கள். ஒருவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கைபேசியை நீட்டினார். முதலில் வெட்கப்பட்டாள், பிறகு முந்தியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள். அன்று மாலை நம் வழிகாட்டி எங்கள் 34 பேரையும் கெய்ஷாக்கள் இருக்கும் கியோன் பகுதியின் தெருமுனையில் நிறுத்தி, "மைக்கோ வருவார், கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மைக்கோ என்றால் ஆடல், பாடல் கலைஞரான கெய்ஷா ஆவதற்குப் பயிலும் இளம்பெண். பக்கத்துச் சந்தில் தடைப் பலகை இருந்தது. தனியார் சந்துகளில் படம் எடுக்கக் கூடாது என்று அங்குள்ளவர்கள் 2019-இலேயே பலகை வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை. 2024-இல் சந்துகளுக்குள் பயணிகள் வரவே கூடாது என்றார்கள், மீறினால் 10,000 யென். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்தார். உயர்ந்த மரக்காலணியில் தலை குனிந்து வேகமாக. வெள்ளைப் பூச்சுக்குக் கீழே பதினாறு, பதினேழு வயது இருக்கும். வேலைக்குப் போகிற பிள்ளை. எங்கள் ஆட்கள் வழியை மறித்தார்கள். என் மனைவி கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, "இது நான் காலையில் பட்ட பாடு" என்றாள்.

விசா, விமானம், பெட்டி எல்லாவற்றையும் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டீர்கள். அதற்கு நன்றி உண்டு. கேட்பது இவ்வளவுதான்: 22 இடங்களைப் பத்தாகக் குறையுங்கள், கியோட்டோவுக்கு 3 இரவு கொடுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. தங்கும் வரியும் ஏறிவிட்டது, தெரியும்.

வரும் ஏப்ரலுக்கான செர்ரி மலர்ப் பயணத் துண்டறிக்கையும் வந்து சேர்ந்தது. மூன்றாம் நாளில் "மாலை 6 மணி: கியோனில் மைக்கோ தரிசனம்" என்று இருக்கிறது. மற்றவற்றை மெதுவாக யோசியுங்கள். அந்த வரியை மட்டும் அச்சுக்குப் போவதற்குள் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பயணம் செய்த தம்பதியரில் ஒருவன்